வெட்டுகிறேன், தைக்கிறேன், இணைக்கிறேன்

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை நீ பட்டென்று வைத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, நம் வீட்டுப் போன் இருப்பது கூடத்தில். அம்மாவின் தையல் மெஷினும் அங்கேதான். இது அம்மா காதில் விழக் கூடாத சமாசாரம்.

அம்மாவுக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். ஒரு மாதமாகவே அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள். சட்டை தைக்கிற கம்பெனியிலிருந்து வந்து, முகம் கழுவி, மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடும். மெஷின் ஓடுகிற தாளத்துக்கு ஒரே மாதிரி ஏதோ உளறல். நேற்று கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "கோர்த்தோ, கோர்த்தாஸ், கோர்த்தா, கோர்த்தாமோஸ், கோர்த்தாயிஸ், கோர்த்தான்." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வருகிற "கோர்த்தான்" மட்டும்தான் எனக்குப் புரிந்தது. யார் கோர்த்தான், எதைக் கோர்த்தான் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. சாப்பிடும்போது விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். கண்ணாடி முன்னால் நின்று யாரையோ அதட்டுவது மாதிரி கையை நீட்டிப் பேசுகிறாள். நான் உள்ளே போனால் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, "என்னப்பா, பசிக்குதா"ன்னு கேட்கிறாள்.

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவரும் முதலில் முணுமுணுக்கத்தான் செய்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, எந்தக் கடையில வேலை"ன்னு கேட்டார். அது மறுபடி நடந்தால் என்னால் தாங்க முடியாது. நீ தூரத்தில் இருந்தாய், உனக்குத் தெரியாது.

டாக்டரிடம் காட்டச் சொல்லி என் மனைவி நச்சரிக்கிறாள். தெரு முழுக்க என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்து, என்னை "டாக்டர்" என்று கூப்பிட்டு, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறது. நான் என் அம்மாவை இன்னொரு டாக்டர் வாசலில் உட்கார வைத்தால் நாளைக்கே ஊர் வாய்க்கு அவல். நானே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ கவலைப்படாதே. ஆனால் தெரிந்து வைத்திரு.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் பிரித்தேன். பாதி படிப்பதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவந்தேன். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்துவிட்டது என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முட்டாள் கம்பவுண்டரே, அது ஸ்பானிஷ். உன் அக்கா இந்த ஊருக்குப் புதிதாக வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறாள் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "கோர்த்தார்" என்றால் வெட்டுவது. நாம் வெட்டுகிறேன், வெட்டுகிறாய், வெட்டுகிறாள் என்று வாலை மட்டும் மாற்றிச் சொல்வதில்லையா, அவர்களும் அப்படித்தான். நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள். ஆறு ஆளுக்கு ஆறு வால். ஒழுங்கான வினைச்சொற்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அங்கே உண்டு. ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அம்மா விரலை மடக்குவது ஆளைக் கணக்கு வைத்துக்கொள்ள. என் வகுப்பிலும் முதல் பருவம் முழுக்கப் பிள்ளைகள் இப்படி விரல் மடக்கித்தான் திரிவார்கள். நீ கேட்டதில் ஒரு வால்கூடத் தப்பில்லை தெரியுமா? என் பிள்ளைகள் "நீங்கள்" வரும்போது எப்போதும் திக்குவார்கள். அம்மா திக்கவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதற்காக அம்மா இதைப் படிக்கிறாள் என்று உனக்குப் புரியவில்லையா? இத்தனை வருடமாக நான் கூப்பிடாத நாள் இல்லை. முழங்கால் வலி, விமானத்தில் காது அடைக்கும், அந்த ஊர்ப் பேச்சு எனக்கு வராது என்று ஆயிரம் சாக்குச் சொன்னாள். இப்போது, எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து மொழியைப் படிக்கிறாள். கடையில் யாரிடமும் கை நீட்டிக் காட்டாமல் பேச வேண்டும், என் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருப்பாள். உன் மாமாவிடம் சொன்னேன். அவர் பின்பக்கத்து அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்துவிட்டார்.

நீ அவளிடம் எதுவும் கேட்காதே. அவளே சொல்லட்டும். அந்த இன்பத்தை அவளிடமிருந்து பறிக்காதே.

அது சரி, ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றாயே, என்ன ஏற்பாடு?

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

வெள்ளையடிக்கிற ஆளை நிறுத்தச் சொல். அம்மா உன்னிடம் வரவில்லை.

நீ கேட்காதே என்றுதான் எழுதியிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அக்காவிடம் எப்போது கிளம்புகிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

"அவ வீட்டுக்கு இல்லப்பா. எங்க கம்பெனி வேற நாட்டுல புதுசா யூனிட் தொறக்குது. அங்க லைன்ல உக்கார்ற பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக்குடுக்க இங்கேருந்து ஒரு ஆள் வேணுமாம். ரெண்டு வருஷம். நான் பேரு குடுத்திருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, முன்னே பின்னே தெரியாத நாட்டுக்கு, தனியாக. அவளோ, ஷிப்ட் முடிந்த பிறகு கம்பெனியிலேயே அரைமணி நேரம் மொழி வகுப்பு நடக்கிறது என்று சாவகாசமாக விளக்கினாள். ஜூலைக் கடைசியில் அந்த நாட்டு மேனேஜர் வருகிறாராம். அவர் முன்னால் ஒரு பெண்ணுக்குச் சட்டைக்கை வைத்துத் தைக்க அந்த மொழியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் பரீட்சை. வெட்டுகிறது, தைக்கிறது, மடிக்கிறது, இணைக்கிறது, இஸ்திரி போடுகிறது, எல்லாம் நீ சொன்ன ஒழுங்கான கூட்டத்தில் வருகிறதாம். அளக்கிறது மட்டும் அடங்காத சொல்லாம், அதனால் அளவு எடுக்கிற வேலையை முன்னாலேயே முடித்து வைத்துவிடப்போகிறாளாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்களிடம் ஏன் மறைத்தாய் என்றேன். "சொன்னா ரெண்டு பேரும் சேந்து நிறுத்திடுவீங்க. அதுல மட்டும் ஒத்துமையா இருப்பீங்க" என்றாள்.

ஆனால் இனி நாம் நிறுத்த வேண்டியதே இல்லை, அக்கா. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். முணுமுணுப்பு ஸ்பானிஷ் என்று நீ சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் நான் பயந்ததும் சரி. மூன்று வாரமாக அவளுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. காலையில் எழுப்பினால் கண் திறக்க நேரமாகிறது. வகுப்பில் நேற்றுச் சொன்ன வால் இன்று வரவில்லையாம். லைனில் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாளாம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் அப்படிச் செய்ததில்லை. நேற்று மெஷின் முன்னால் உட்கார்ந்து, "கோர்த்தோ, கோர்த்தாஸ்" என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா மாதிரி ஆயிடுவேனாடா" என்று கேட்டு அழுதாள். இதற்கு முன் என்னைப் பெற்றவள் அழுது நான் பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான்.

ஏற்பாடு என்ன என்று கேட்டாய். நல்லவேளை, நான் ஆரம்பத்திலேயே விழித்துக்கொண்டேன். மனது அமைதியாக இருப்பதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. நம் கடையில் நிறையப் போகிற சரக்குதான். மே மாதக் கடைசியிலிருந்து அதைக் கரண்டியால் நுணுக்கி அவள் குடிக்கிற பாலில் கலந்து கொடுக்கிறேன். முதலில் பாதி, பிறகு முழுசு. அவளிடம் சொன்னால் சாப்பிட மாட்டாள், உனக்குத்தான் தெரியுமே. இப்போது இவ்வளவு மோசமாகிவிட்டதால் காலையிலும் ஒன்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

தம்பி


ஜூலை 7

டேய்,

நேற்று அம்மா கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் போனில் நான் கத்திய கத்தலில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீயும் அழுதுகொண்டே இருந்தாய், உன் காதில் எது விழுந்தது எது விழவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

ஞாபகம் நன்றாக இருந்த ஒருத்திக்கு, ஞாபகம் போய்விடுமோ என்ற பயத்தில், ஞாபகத்தை அழிக்கிற மருந்தை நீ கொடுத்திருக்கிறாய். உன் கையால். அவள் அதை வாங்கி, "நல்ல சூடா இருக்குப்பா" என்று குடித்திருப்பாள். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறேன்.

தூக்க மாத்திரை தின்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தினமும் கவுண்டரில் பார்க்கிறவன் நீ. வேறு யாராவது வந்து, எங்கள் அம்மா காலையில் எழவே மாட்டேன் என்கிறாள், சொன்னது மறந்துபோகிறது என்று சொல்லியிருந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று நீதான் முதலில் கேட்டிருப்பாய். உன் அம்மா என்றதும் அந்தக் கேள்வி உன் வாயில் வரவில்லை.

ஒரு விஷயம் போனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உன் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது, அம்மா என்னிடம் வரவில்லை, யாரோ பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்றதும், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பரீட்சையில் அவள் தோற்கட்டும் என்று நினைத்தேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே சொன்னேன். உன் மாமா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நான் வாயால் கேட்டதை நீ அதற்கு முன்பே பாலில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

உன் கடைக்கு எதிரே இருக்கிற டாக்டரிடம் நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. தெரு பார்த்தால் பார்க்கட்டும். இந்த மாதிரி மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்கிறார் இங்கே ஒரு டாக்டர், அங்கே அந்த டாக்டரிடம் கேட்டுச் செய். அம்மாவிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். என் வாயால் கேட்டால் அவள் உன்னைத் தேடி வந்து ஆறுதல் சொல்வாள். உன் வாயால்தான் கேட்க வேண்டும்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

டாக்டர் முதலில் என்னைத் தனியாக உட்கார வைத்து, மாத்திரையின் பெயரைக் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பல வருடமாக என் கடைக்குச் சீட்டு அனுப்புகிறவர். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அம்மாவை ஏதேதோ கேள்வி கேட்டுப் பார்த்தார். அவள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, இந்த மருந்தைச் சாப்பிட்டால் நானும் என் வீட்டு விலாசத்தைத் தேடுவேன் என்றார். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், அதற்கு உங்கள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும், போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கதவைத் திறந்து விட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கரண்டியால் நுணுக்கியது வரை. அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது, அக்கா. தனக்கு ஒன்றும் இல்லை, அப்பா மாதிரி ஆகப்போவதில்லை என்பது மட்டும்தான் அவளுக்கு முதலில் எட்டியது. "அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே இருக்க, மீதி அவளுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் அழுதேனே, அன்னிக்கும் குடுத்தியா?"

ஆமாம் என்றேன். அன்று மாலையும் கொடுத்தேன். அவள் அழுததால் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன். அதையும் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். குறைத்துக் குறைத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரையை அடுத்த தெருவில் இருக்கிற கடையில் போய் வாங்கினாள். நம் கடையைத் தாண்டித்தான் போனாள். கவுண்டரில் நின்றிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

மறுநாள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். மெஷினையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். சண்டை போடவில்லை, கதவை அறைந்து சாத்தவில்லை. என் மனைவியிடம் குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கூடம் வெறிச்சென்று கிடக்கிறது. அந்தச் சத்தத்தைப் பைத்தியம் என்று நினைத்தேன், இப்போது அது இல்லாமல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் கம்பெனி வாசலில் போய் நிற்கிறேன். அவள் வெளியே வந்தால், "சாப்பிட்டியா" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு நடக்கிறாள்.

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வால்கள் திரும்பி வருகின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பேசிப் பார். உன்னிடம் பேசுவாள்.

தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

அவளேதான் என்னைக் கூப்பிட்டாள், பரீட்சைக்கு நாலு நாள் முன்னால். அவளுடைய சிநேகிதியின் போனில். "நீ டீச்சர்தானே, கேளு" என்றாள். நலம்கூட விசாரிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டேன். முதலில் தடுமாறினாள். "நாங்கள்" வரைக்கும் வருவாள், அங்கே நின்றுவிடுவாள். எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று துடித்தேன். "சொல்லாத, சொல்லாத, வருது" என்பாள். வரும். மெதுவாக வரும். இரண்டாவது நாள் கூப்பிட்டாள், மூன்றாவது நாளும் கூப்பிட்டாள். மூன்றாவது நாள் எங்கேயும் நிற்கவில்லை. வெட்டினாள், தைத்தாள், இணைத்தாள், ஆறு பேரும் வரிசையாக வந்தார்கள். என் பிள்ளைகளில் ஒருத்திகூட அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டாள்.

கடைசி நாள் எனக்குப் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், என் குழந்தையைவிட அந்தப் பெண்கள் உனக்கு உசத்தியா என்று. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து பாக்கறேன்டி. அதுவரைக்கும் நீ பாத்துக்க. உங்க ரெண்டு பேரையும் லைனுக்குப் போயிட்டே நான் பாத்துக்கலையா? எனக்குச் சொல்லிக்குடுக்க வரும்னு கம்பெனில ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான். நீங்க யாரும் கண்டுபிடிக்கல."

வெள்ளையடித்த அறையில் உன் மாமா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

உன்னைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய், தெரியும். அவளுக்கு ஞாபகம் திரும்பி வந்திருக்கிறது. நீ செய்ததும் அதில் சேர்த்தி.

பரீட்சை என்ன ஆயிற்று என்று இதை எழுதும்வரை எனக்குத் தகவல் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

அம்மா நேற்றுக் கிளம்பிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் உன்னிடம் பேசியிருப்பாள். ஆனாலும் நான் பார்த்ததை நான் எழுத வேண்டும்.

பரீட்சை எப்படி நடந்தது என்று அவளுடைய சிநேகிதி சொன்னாள். மேனேஜர் தன்னோடு கூட்டி வந்த ஒரு பெண்ணை மெஷினில் உட்கார வைத்தாராம். அந்தப் பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, தையலும் தெரியாது. அம்மா அவள் பின்னால் நின்று, தோளைத் தொட்டு, நான் வெட்டுகிறேன், நீ தைக்கிறாய், நாம் இணைக்கிறோம் என்று அந்தப் பாஷையில் சொல்லிக்கொண்டே போனாளாம். சட்டைக்கை ஒரு சுருக்கம் இல்லாமல் வந்ததாம். நடுவில் மேனேஜர் வேறு ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று தலையாட்டிவிட்டு, அவரையே உட்கார வைத்து அடுத்த கையைத் தைக்கச் சொன்னாளாம். லைன் முழுக்கச் சிரித்ததாம், அவரும் சிரித்துவிட்டாராம்.

விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன். வா என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. பெட்டியை நான்தான் தூக்கினேன். வழியெல்லாம் நன்றாகப் பேசினாள். கடை எப்படிப் போகிறது, என் மனைவிக்கு இடுப்பு வலி குறைந்ததா என்றெல்லாம் கேட்டாள். அந்த ஊரில் குளிருமாம், சிநேகிதி ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருக்கிறாள் என்று எடுத்துக் காட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்கும்படித்தான் நடந்துகொண்டாள்.

உள்ளே போகிற வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு நா வறண்டிருந்தது, உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தேன். மூச்சு வாங்க நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் குடிக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பி, மூடியைப் பார்த்தாள். கட்டைவிரலால் மூடியைச் சுற்றித் தடவி, அது உடைக்காத மூடிதானா என்று பார்த்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. அவள் அறியாமல் விரல் போய்விட்டது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவள் முகமும் என் முகம் மாதிரியே ஆகிவிட்டது. பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

அவள் மூடியைத் திருகினாள், அது படக்கென்று உடைந்தது. கொஞ்சம் குடித்தாள். "உடம்பப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி